கத்தரிக்காய் எங்கே?

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். டிராயிங் நோட்டில் ஒரு பக்கம், எச்.பி. பென்சில். ஒரு பித்தளைச் சொம்பு, அதைவிட உயரமாக ஓர் ஊறுகாய் ஜாடி, ஒரு கத்தரிக்காய், குறுக்கே ஒரு துண்டுக் கரும்பு. பின்னால் துணி தொங்குகிறது. வரைந்தது பெண்ணாடத்தில் இருக்கும் நண்பர் ஒருவரின் மகள், ஏழாம் வகுப்பு. பத்துக்கு நாலு மார்க். சிவப்பு மையில் மூன்று திருத்தங்கள். சொம்பின் வாயை அந்தப் பெண் ஒரே ஒரு கோடாக இழுத்திருக்கிறாள். சார் அதன்மேல் முட்டை வடிவில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார். ஜாடியின் விளிம்பு மேல்நோக்கிக் குன்று மாதிரி வளைந்திருக்கிறது; அதைக் கீழ்நோக்கி வளைத்திருக்கிறார். ஓரத்தில் ஒரு கேள்வி: 'இன்னொரு கத்தரிக்காய் எங்கே?'

மேஜையில் இரண்டு கத்தரிக்காய் வைத்தாராம்.

இதற்கெல்லாமா விமர்சனம் என்று நினைக்காதீர்கள். ஓவியக் கண்காட்சிகளுக்கு விமர்சனம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு ஓவியத்தோடு இருந்த ஒரே சம்பந்தம் இந்த டிராயிங் நோட்டுதான். ஆங்கிலத்தில் இந்த வகைக்கு ஸ்டில் லைஃப் என்று பெயர். அசையாமல் இருக்கும் உயிர் என்கிற மாதிரி. பிரெஞ்சுக்காரர்கள் இதையே 'செத்த இயற்கை' என்கிறார்கள். நம்ம ஊர் டிராயிங் வாத்தியார்கள் வம்பே வேண்டாம் என்று 'மாடல் டிராயிங்' என்று சொல்லிவிட்டார்கள்.

படத்துக்கு வருவோம். ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். ஒரு டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டு பாருங்கள். வாய் நீள்வட்டமாகத் தெரியும். மெதுவாகக் குனியுங்கள். வட்டம் ஒடுங்கிக்கொண்டே வரும். கண்ணும் விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் வட்டம் காணாமல் போய்விடும். வெறும் கோடு. இன்னும் கீழே போனால், விளிம்பு மேல்நோக்கி வளைய ஆரம்பிக்கும்.

இப்போது அந்தப் பெண்ணின் படத்தைப் பாருங்கள். சொம்பின் வாய் கோடு. அதைவிட உயரமான ஜாடியின் வாய் மேல்நோக்கி வளைவு. சொம்பின் அடிப்பாகம் மட்டும் லேசாகக் கீழே வளைந்திருக்கிறது. மேஜையின் மேல்பரப்பு ஒரு விரல் அகலம்கூட இல்லை. எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், அதுவும் முன்வரிசையில். அவள் கண் சரியாகச் சொம்பின் வாய் மட்டத்தில் இருந்தது. யாரும் சொல்லாமலே படம் சொல்லிவிடுகிறது. வீட்டில் கேட்டேன். ஆமாம், தரையில்தானாம். பெஞ்சு பத்தவில்லை.

இன்னொரு கத்தரிக்காய்? முதல் கத்தரிக்காய்க்குப் பின்னால் ஒரு காம்பு மட்டும் எட்டிப் பார்க்கிறது. கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சார் அவசரத்தில் அதைப் பென்சில் கறை என்று நினைத்திருக்கலாம்.

அந்த மூன்று சிவப்புத் திருத்தங்களும் வேறொரு படத்துக்கான திருத்தங்கள். ஐந்தரை அடி உயரத்தில் நின்றுகொண்டு சார் பார்த்த படம் அது. அதுவும் சரியான படம்தான். ஆனால் அவள் வரைந்த படம் இல்லை.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், சாதாரணமாகக் குழந்தைகள் செய்கிற தப்பு இதற்கு நேர் எதிரானது. பாத்திரத்தின் வாய் வட்டம் என்று மனசுக்குத் தெரியும். அதனால் கண் என்ன பார்த்தாலும் கை முழு வட்டம் போடும். தண்ணீர் சிந்தக்கூடாது என்று அடிப்பாகத்தைத் தட்டையாக ஒரு கோடு இழுக்கும். தெரிந்ததை வரைவது, தெரிவதை வரைவதில்லை. பன்னிரண்டு வயதில் அந்த வட்டத்தை விட்டுக்கொடுத்து 'எனக்கு இங்கிருந்து கோடுதான் தெரிகிறது' என்று வரைவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு மேல்தான் முட்டை போட்டிருக்கிறது.

பெண்ணாடத்துக்காரர்களுக்கு இது புதுசாக இருக்கக் கூடாது. அங்கே பிரளயகாலேஸ்வரர் கோயில் இருக்கிறது. அப்பர் தோளில் சூலமும் ரிஷபமும் பொறிக்கப்பட்டதாகச் சொல்லும் தலம். தேவாரத்தில் அதன் பெயர் திருத்தூங்கானைமாடம். சன்னதிக்கு நேரே நின்று எவ்வளவு நேரம் கும்பிட்டாலும் ஆனை தெரியாது. பிராகாரம் சுற்றிப் பின்பக்கம் வரவேண்டும். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால், விமானம் பின்புறம் வளைந்து, படுத்துத் தூங்கும் யானையின் முதுகாகத் தெரியும். முன்னால் நிற்பவர் 'யானை எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதினால் ஸ்தபதி என்ன செய்வார்?

ஐரோப்பாவில் இந்த உட்காரும் இடத்தையே உலுக்கிப் பார்த்தவர் செசான். ஆப்பிள் கூடையும் பாட்டிலுமாக 1893 வாக்கில் அவர் வரைந்த படம் ஒன்று சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மேஜையின் இடதுபக்க விளிம்பும் வலதுபக்க விளிம்பும் ஒரே கோட்டில் சேராது. நடுவில் துணி மறைத்துக்கொண்டிருக்கும். நம்ம பள்ளிக்கூடத்தில் அதற்கும் நாலு மார்க்தான் கிடைக்கும்.

சாரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நிஜமாகவே சொம்பும் ஜாடியும் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைக்கிற வாத்தியார் எத்தனை பேர்? பல இடங்களில் போர்டில் சாக்பீஸால் ஒரு பானை போட்டு, 'இதைப் பார்த்துப் போடுங்க' என்பதோடு சரி. அதில் எல்லோருக்கும் ஒரே பானை. பல இடங்களில் டிராயிங் பீரியடே இல்லை. கணக்கு வாத்தியார் போர்ஷன் முடிக்க வாங்கிக்கொள்கிறார். 2012-ல் தமிழக அரசு 16,500 பேருக்கு மேல் பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தது: ஓவியம், விளையாட்டு, தையல், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து. வாரத்துக்கு மூன்று அரை நாள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். அரை நாளில் இத்தனை வகுப்பு, வகுப்புக்கு நாற்பது நோட்டு என்றால், ஒவ்வொரு நோட்டுக்கும் அந்தப் பிள்ளை உட்கார்ந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்துத் திருத்து என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் பக்கத்து நோட்டைப் பார்த்துக் காப்பியடித்தால் பிரயோஜனப்படாத பாடம் இது ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும் சொம்பு வேறு. நாற்பது பேர் என்றால் நாற்பது சரியான விடை. விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இல்லை, மேஜைமேல் இருக்கிறது. அப்படி ஒரு வகுப்பில் போய் எல்லோருக்கும் ஒரே முட்டையைப் போட்டால், மற்ற ஏழு பீரியடும் நடத்துவதைத்தானே இதிலும் நடத்துகிறோம்?

சரி, விமர்சனம் என்று ஆரம்பித்துவிட்டுக் குறையே சொல்லாமல் போனால் நண்பர் வீட்டு விருந்துக்கு நன்றிக்கடன் என்பீர்கள். குறை இருக்கிறது. நிழல். எல்லாப் பொருளுக்கும் வலதுபக்கம் ஒரே சாய்வில், ஒரே கறுப்பில் தேய்த்திருக்கிறாள். வெளிச்சம் எப்போதும் இடதுபக்கம் மேலேயிருந்து வரும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த நிழல் இது. அந்த வகுப்பில் இரண்டு பக்கமும் ஜன்னல். பித்தளையில் ஜன்னலே தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. ஜாடி பீங்கான், பக்கத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர், அந்தப் பளபளப்பு அவளுக்குப் புதுசில்லை. ஆனாலும் ஜாடியையும் கத்தரிக்காயையும் ஒரே மாதிரி தேய்த்துவிட்டாள். துணி சுத்தமாகத் தேறவில்லை. தகரம் மாதிரி நிற்கிறது. ஆனால் கரும்பைப் பாருங்கள். கணுவுக்குக் கணு இடைவெளி ஒரே மாதிரி இல்லை, ஒரு கணுவில் பருகூடத் தெரிகிறது. அவள் கரும்பைப் பார்த்திருக்கிறாள்.

துணிக்கு ஒரு மார்க், நிழலுக்கு ஒரு மார்க் குறைத்துக்கொள்கிறேன். பத்துக்கு எட்டு.