பிடிக்குத் தடையில்லை, கடிக்கு உண்டு

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 4. ஆண்கள் 57 கிலோ ஃப்ரீஸ்டைல் மல்யுத்த அரையிறுதி. ஒரு கட்டத்தில் 2-9 என்று பின்தங்கியிருந்த ரவி குமார் தஹியா, கடைசி நேரத்தில் கஜகஸ்தானின் நூரிஸ்லாம் சனயேவை அமுக்கிப் பிடித்து மல்லாத்தினார். தோள் இரண்டும் விரிப்பில் படப்போகிற அந்த நொடியில் சனயேவுக்குத் தோன்றிய ஒரே வழி, தஹியாவின் கையைக் கடிப்பது. பல் பதிந்தது, பிடி தளரவில்லை. தஹியா இறுதிக்குப் போய் வெள்ளியோடு திரும்பினார்.

ஆங்கிலத்தில் 'நோ ஹோல்ட்ஸ் பார்ட்' என்று ஒரு வழக்கு உண்டு. 'எந்தப் பிடிக்கும் தடையில்லை' என்பது நேர்பொருள். தயவு தாட்சண்யம் இல்லாத விவாதம், ஒளிவுமறைவற்ற பேட்டி, வரைமுறை பாராத தேர்தல் மோதல் எல்லாவற்றுக்கும் இன்று இதை ஒட்டிவிடுகிறார்கள். வம்புக்கு வருபவனை 'மல்லுக்கு நிற்கிறான்' என்று தமிழ் சொல்வதைப் போல, இதுவும் மல்யுத்தக் களத்திலிருந்து கிளம்பி வந்த பேச்சுதான்.

19ஆம் நூற்றாண்டில் எந்த முறையில் மல்யுத்தம் என்பதைவிட, எந்தப் பிடி கூடாது என்பதே பெரிய கேள்வி. கிரேக்க-ரோமன் முறையில் இடுப்புக்குக் கீழே கை போகக் கூடாது. இங்கிலாந்தின் கம்பர்லண்ட் பக்கத்து முறையில் இருவரும் கட்டித் தழுவி, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் கைகோத்து நிற்க வேண்டும். கோத்த கையை விட்டவன் தோற்றான். லங்காஷயர் சுரங்கத் தொழிலாளர்களிடம் இந்த நாசூக்கெல்லாம் செல்லவில்லை. கால், தொடை, கழுத்து, எது அகப்பட்டாலும் பிடிக்கலாம். அதன் பெயரே 'கேட்ச் ஆஸ் கேட்ச் கேன்'. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் இன்றைய ஃப்ரீஸ்டைலின் முன்னோடி இந்தப் பெயரில்தான் நடந்தது.

இந்த முறையிலும் விலக்கு இருந்தது. அமெரிக்காவில் இவான் லூயிஸ் என்பவர் கழுத்தை நெரிக்கும் பிடியாலேயே பேர் வாங்கினார், பட்டப்பெயரே 'ஸ்ட்ராங்க்லர்'. அந்தப் பிடியைத் தடுத்துவிட்டுத்தான் பல போட்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அப்படித் தடை ஏதும் இல்லை என்று அறிவித்தால் கூட்டம் அள்ளும். வீரனைவிட டிக்கெட் விற்பவருக்கே அதிகம் உதவிய சொல் இது. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டி வரை அந்த வியாபாரம் நீண்டது. விதியே இல்லை என்று விளம்பரப்படுத்திய அந்தப் போட்டியிலும் கடிப்பதற்கும் கண்ணைத் தோண்டுவதற்கும் தடை இருந்தது!

பிடிக்குத் தடையில்லை என்றால் பிடிக்கு மட்டும்தான். நகம், பல், எண்ணெய் எல்லாம் வேறு கணக்கு. 1908இல் சிகாகோவில் ஃபிராங்க் காட்சிடம் சுமார் இரண்டு மணி நேரம் போராடித் தோற்ற ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட், எதிராளி உடம்பில் எண்ணெய் பூசி வந்தார், நகத்தால் கீறினார் என்று பிறகு புகார் சொன்னார். வழுக்குகிற உடம்பில் எந்தப் பிடியை அனுமதித்து என்ன பயன்?

எண்ணெய் இல்லாமலே பிடி கொடுக்காமல் இருந்தவரும் உண்டு. 1910 செப்டம்பர் 10, லண்டன். நம் காமா பயில்வானுக்கு எதிரே போலந்தின் ஸ்தனிஸ்லாஸ் பிஷ்கோ. ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் பிஷ்கோ குப்புறப் படுத்தார். படுத்தவர் எழுந்திருப்பதாகவே இல்லை. புரட்டிப் போட காமா செய்த முயற்சிகள் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தும், ஆட்டம் சமனில் முடிந்தது. விதிப்படி பிஷ்கோ செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. பார்க்க வந்தவர்கள்தான் பாவம். ஒரு வாரம் கழித்து மீண்டும் மோத ஏற்பாடானபோது பிஷ்கோ வரவே இல்லை. போட்டிக்கு வைத்திருந்த ஜான் புல் பட்டம் காமாவுக்குப் போனது.

இருவரும் மறுபடி கைகலந்தது 1928 ஜனவரியில், பாட்டியாலாவில். இந்தமுறை பிஷ்கோவுக்குப் படுத்துக்கொள்ள அவகாசமே கிடைக்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காமா அவரை மல்லாத்திவிட்டார்.