பேச்சைக் கேட்டவர்கள் எங்கே?

ஏற்காட்டுக்குப் பஸ் ஏறும்போதெல்லாம் அஸ்தம்பட்டியில் சேலம் மத்திய சிறையைப் பார்க்கிறேன். சுப்பிரமணிய சிவா (1884-1925) அடைபட்டுக் கிடந்த இடம். சிறைவாசத்தில்தான் அவருக்குத் தொழுநோய் கண்டது. 'பேச்சுன்னா அது பேச்சுய்யா' என்று இந்தப் பக்கம் இன்றும் சொல்வார்கள்.

நம் வாழ்க்கை வரலாறுகளும் அதையேதான் சொல்கின்றன, 'அனல் பறக்கும் பேச்சு' என்று. அனல் யார் மேல் பட்டது என்று கேட்பதில்லை. 1908இல் தூத்துக்குடியில் அவர் பேசியவை பெரும்பாலும் காவல்துறைக் குறிப்புகள் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. குற்றத்தை நிரூபிக்க உண்டாக்கிய பிரதி அது. தமிழ்ப் பேச்சு ஆங்கிலமாகி நீதிமன்றம் ஏறியது. வேடிக்கை என்னவென்றால், தியாகி வரலாறுகள் ஒரு பத்தியில் தாண்டிப்போவதை இந்தப் பகைப் பிரதி காட்டிக்கொடுக்கிறது. எதிரே நின்று கேட்டவர்களில் கோரல் மில் தொழிலாளிகள் இருந்தார்கள். பிப்ரவரி 27இல் வேலைநிறுத்தம், மார்ச்சில் கூலி உயர்வு, மார்ச் 12இல் கைது, ஜூலையில் பத்தாண்டு தீவாந்திர தண்டனை (மேல்முறையீட்டில் ஆறாகக் குறைந்தது). அரசு பயந்தது பேச்சாளனின் தொண்டையைப் பார்த்தல்ல. பேச்சும் வேலைநிறுத்தமும் கைகோத்ததைப் பார்த்து. ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற சிலரை விட்டால் இதை நின்று பேசியவர்கள் குறைவு.

விடுதலைக்குப் பிறகு, நோயைச் சொல்லி அவரை ரயிலில் ஏறவிடாமல் தடுத்தார்கள். மனுஷன் நடந்தே போய்ப் பேசினார். அந்த உடம்பைத் தியாகச் சின்னமாக்கிக் கும்பிடுகிறோம். பக்கத்தில் உட்காரக் கூசிய நம்மைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

சிவாவோடும் எனக்குச் சண்டை உண்டு. பாப்பாரப்பட்டியில் 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டிய பாரதமாதா ஆலயம் அவரது கடைசிக் கனவு. தொழிலாளியை முன்னிலையாக்கிய சொல்லாடல் இங்கே தாயை முன்னிலையாக்குகிறது. முன்னிலை மாறினால் அரசியலும் மாறாதா? தாயிடம் கூலி கேட்க முடியுமா?

சேர்வராயன் மலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர்கள் காப்பி போட்டுவிட்டார்கள். மலையாளிப் பழங்குடிகள் புழங்கிய காடு தோட்டமானது. சிறைக்கு நேர் மேலே இருக்கும் இந்த மலையின் கூலிகளிடம் சுதேசி மேடை என்ன பேசியது? பேசியதா? நம் புத்தகங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. சிவாவைப் பற்றி இனி எழுத உட்காருகிறவர்கள் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்திலிருந்து தொடங்கட்டும்.