இருவகைச் சோதிடமும் மணப்பொருத்தமும்

நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இருவகைச் சோதிடம் ஒரே இல்லத்தில் வழங்குகின்றது. பெரியோர் பஞ்சாங்கத்தை நோக்குவர். இளையோர் மேனாட்டு முறையிலமைந்த இராசிபலனைப் படிப்பர். மார்ச்சு 28இல் பிறந்தவனுக்கு மேனாட்டார் மேடம் என்பர். நம்மவரோ, அன்று சூரியன் மீனத்தில் நின்றான் என்பர். அதன்மேலும், நம் முறையில் ஒருவனது இராசி என்பது சந்திரன் நின்ற இராசியே. இவற்றுள் எது மெய் என்னும் வினா மாணவரிடை அடிக்கடி எழுகின்றது.

வேறுபாட்டின் வேர், அளக்கத் தொடங்கும் இடத்தில் உள்ளது. பகலும் இரவும் ஒத்துவரும் மார்ச்சு 20 அல்லது 21இல் சூரியன் நிற்கும் புள்ளியே மேனாட்டாருக்கு மேடத்தின் தொடக்கம். இது சாயன முறை. நம்மவர் நிலைத்த விண்மீன்களைக் கொண்டு அளப்பர். இது நிராயன முறை. முற்கூறிய புள்ளி ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்வதால், இன்று இரண்டிற்கும் இடைவெளி சுமார் 24 பாகை. மேகநாத சாகா தலைமையில் 1952இல் இந்திய அரசு அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இந்த அயனாம்சத்தை வரையறுத்தது. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது திசெம்பர் 21 அல்லது 22இல். நாம் பொங்கலிடுவதோ தை முதல் நாளில். ஒரு முறை பருவத்தைப் பின்பற்றுகின்றது. மற்றையது விண்மீனைப் பின்பற்றுகின்றது. கணக்களவில் இரண்டும் குற்றமற்றவை.

இவற்றுள் ஒன்றை முற்றிலும் நமதென்றும் மற்றையதை அயலாரதென்றும் பிரித்துப் பெருமை கொள்வதும் பொருந்தாது. ஓரை, கேந்திரம் என்னும் சொற்கள் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் யவனரின் சோதிட அறிவை மதித்துப் போற்றினார். எனினும், 27 நட்சத்திரங்களைக் கொண்டு பொருத்தம் பார்த்தலும் 120 ஆண்டுத் தசைக் கணக்கும் இந்திய மரபிற்கே உரியவை.

மலையகத்தாருக்கு இதனினும் பெரிய இடர் வேறொன்றுண்டு. 1996 மே 25இல் இலங்கைக் கடிகாரம் ஒரு மணி முன்னோக்கி நகர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரைமணி பின்வாங்கியது. 2006 ஏப்பிரல் 15இலேயே பழைய நேரம் மீண்டது. அவ்விடைக்காலத்தில் பிறந்தோரே இன்று மணப்பருவத்தில் நிற்போர். பதிவிலுள்ள நேரத்தைத் திருத்தாது சாதகம் கணித்தால் இலக்கினம் ஏறத்தாழ ஏழரைப் பாகை பிறழும். எல்லையருகே பிறந்தோர்க்கு இராசியே மாறிவிடும். இலக்கினத்திலிருந்து எண்ணப்படும் செவ்வாய்த் தோடமும் அதனோடு மாறும். தோடம் இல்லாத பெண்ணொருத்தி தோடக்காரியென ஒதுக்கப்படவும் கூடும். இப்பிழையைச் சாயனமும் தடுக்காது, நிராயனமும் தடுக்காது.

கணக்குச் சரியாயினும் பலன் சரியாகுமோ? 1985இல் 'நேச்சர்' ஆய்விதழில் சோன் காள்சன் வெளியிட்ட ஆய்வு மேனாட்டு முறையைச் சோதித்தது. சாதகத்துக்குரியவரின் குணவிவரத்தை மூன்றனுள் ஒன்றாகத் தெரிவு செய்ய முயன்ற சோதிடர், மூன்றில் ஒரு பங்கே சரியாகக் கண்டனர். 2008இல் மகாராட்டிரத்தில் சயந்த் நார்லிகர் குழுவினர் 27 இந்தியச் சோதிடரிடம் தலைக்கு 40 சாதகங்கள் அளித்து, கல்வியிற் சிறந்த மாணவரையும் மனவளர்ச்சி குன்றியோரையும் பிரித்தறியக் கேட்டனர். சரியான விடை 46 விழுக்காடே. நாணயத்தைச் சுண்டியிருப்பினும் பாதி கிடைத்திருக்கும்.

ஆகவே, இரண்டனுள் எது உயர்ந்தது என்னும் வாதம் பயனற்றது. வானியற் கணக்கிலே இரண்டும் கற்றற்குரியன. மனிதரின் விதியை உரைப்பதில் இரண்டும் சோதனையிலே தோற்றன. பஞ்சாங்கம் திருநாளையும் திதியையும் காட்டுக. அப்பணிக்கு அது தக்கது. மணமக்களின் குணமும் கல்வியும் உடல்நலமும் இருவர் சம்மதமும் நேரே காணத்தக்கனவாயிருக்க, ஐயத்திற்கிடமான அரைமணி நேரத்தை நம்பி ஒரு பெண்ணின் வாழ்வை மறுத்தல் அறிவுடைமையும் அன்று, அறமும் அன்று.