ஆட்டிசம் உடைய இளைஞனின் தற்கூற்றும் மெய்ப்பாட்டியலும்

உள்ளத்து நிகழும் உணர்ச்சி உடலின்கண் தோன்றிப் பிறர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என்பர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அதனை எட்டாக வகுத்தார் தொல்காப்பியர். கண்ணாலும் செவியாலும் நன்கு உணர வல்லார்க்கன்றி அதன் பொருள் விளங்காது என மெய்ப்பாட்டியலின் இறுதியில் அவர் உரைப்பதும் கருதத்தக்கது. பிறர் முகக்குறிப்பை உணர்தல் அரிதாகிய ஒருவனே கதை கூறுவானாயின், அங்கு மெய்ப்பாடு எங்ஙனம் புலனாகும்? ஆங்கில எழுத்தாளர் மார்க் ஹேடன் 2003-இல் வெளியிட்ட 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' என்னும் புதினம் இவ்வினாவிற்கு விடை தருகிறது.

கதை கூறுவோன் கிறிஸ்டோபர். ஸ்விண்டன் நகரில் தந்தையோடு வாழும் 15 வயதினன். அண்டை வீட்டு நாய் இரும்புக் கவையால் குத்துண்டு இறந்து கிடக்கக் கண்டு, கொன்றவரைத் தேட முற்படுகிறான். ஆட்டிசம் என்னும் பெயரை ஆசிரியர் அவனுக்குச் சூட்டவில்லை. கூறும் முறையாலேயே அவன் இயல்பைப் புலப்படுத்துகிறார். இயல்களுக்கு 2, 3, 5, 7 எனப் பகா எண்களையே அவன் இடுகிறான். உருவகத்தைப் பொய் என விலக்கி, உவமையை மட்டும் ஏற்கிறான்.

தாய் இறந்துவிட்டாள் எனத் தந்தை கூறியிருந்தார். அவள் உயிரோடிருப்பதை, மறைத்துவைக்கப்பட்ட மடல்களால் கிறிஸ்டோபர் அறிகிறான். அவ்விடத்துத் தன் துயரத்தை அவன் விரித்துரைக்கவில்லை. உடல் சுருண்டு கிடந்ததையும் வாந்தி எடுத்திருந்ததையுமே கூறுகிறான். மெய்ப்பாடு உளது, அதற்குரிய பெயரே இலது. அப்பெயரை உய்த்துணர்ந்து இடும் பொறுப்பு படிப்போரைச் சார்கிறது. எனவே, அவனை உணர்ச்சியற்றவன் என்பார் கூற்றுப் பொருந்தாது.

பிறிதோர் இடமும் நோக்கத்தக்கது. தழுவப்படுதலை அவன் விரும்பான். ஆதலின், தந்தையும் அவனும் விரல்களை விசிறிபோல் விரித்துத் தொட்டுக்கொள்வர்; அதுவே அவர்தம் அன்பின் அடையாளம். நாயைக் கொன்றவர் தாமே என ஒப்புக்கொண்டு தந்தை விரல்களை விரிக்கும்போது மகன் தொடவில்லை. அச்சமுற்றதாக ஒரு சொல்லே கூறுகிறான். தந்தையின் தனிமையையோ, அத்தொடுகையின் இழப்பையோ அவன் சொல்லவில்லை. தொடப்படாது நின்ற கையே அவற்றை உணர்த்துகிறது.

குறையும் ஒன்று உண்டு. கிறிஸ்டோபரின் கணித ஆற்றல் ஆட்டிசம் உடையார் அனைவர்க்கும் உரியதன்று. இத்துறையில் தாம் வல்லுநர் அல்லர் என ஹேடனும் கூறியுள்ளார். ஒருவன் கூற்றைப் பலர்க்கும் இலக்கணமாக்குதல் தவறாகும். தமிழிலும் யெஸ். பாலபாரதியின் 'துலக்கம்' ஆட்டிசத்தைப் புதினப் பொருளாக்கியுள்ளது. இத்தகைய படைப்புகள் பெருகினாலன்றி அவ்வுலகின் வேறுபாடுகள் புலனாகா.

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையூர்களிலும் பயிற்றுவோர்க்கு இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. ஆயினும், ஆசிரியர் முகம் நோக்காத மாணவனை அடக்கமற்றவன் என்றும், அழைத்தும் மறுமொழி தாராதவனைச் செருக்குடையவன் என்றும் கூறிவிடுதல் எளிது. மலையூரிலிருந்து வந்த மாணவன் ஒருவனை யானும் அவ்வாறு பிழைபடக் கருதியதுண்டு. அவன் காதுகளைப் பொத்திக்கொண்டது வகுப்பின் இரைச்சல் தாளாமையால் என்பதை அவன் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னரே அறிந்தேன். தொல்காப்பியர் வேண்டிய கண்ணும் செவியும் அன்று என்பால் இல்லை. கிறிஸ்டோபரின் கதையைக் கற்பிப்போர் முதற்கண் பெறவேண்டுவது அவ்வுணர்வே ஆகும்.