மக்ரூஹ்: அடைப்புக்குறிக்குள் ஒரு பிழை

நமது சிறுகதைகளில் ‘மக்ரூஹ்’ வரும்போதெல்லாம், பக்கத்தில் ‘வெறுக்கத்தக்கது’ என்ற அடைப்புக்குறி விளக்கமும் வந்துவிடுகிறது. நானும் அப்படி எழுதியவன்தான். அகராதிப்படி அது சரி. வெறுக்கப்பட்டது என்பதே சொல்லின் நேர்ப்பொருள். அல்குர்ஆன் 17:38இல், கொலை, விபசாரம், அநாதைகளின் சொத்து ஆகியவற்றைப் பேசிய பின் இச்சொல் வருகிறது. அங்கே அதற்கு முழுக்கனம்.

நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட வழக்கிலோ, மக்ரூஹ் என்பது விட்டால் நன்மை, செய்தால் தண்டனையில்லை என்ற அளவுதான். (ஹனபிகள் இதை இரண்டாக்கி, ஒன்றை ஹராமுக்கு அருகில் வைப்பர்.) மட்டக்களப்பு வாவிக்கரை உம்மாமாரின் வாயில் புழங்குவதும் இந்த இலேசான பொருளே. “பச்ச வெங்காயம் திண்டுபோட்டுப் பள்ளிக்குப் போகாத மனே, மக்ரூஹ்” என்பார்கள். பக்கத்தில் நின்று தொழுபவரை நினைத்த இங்கிதம் அது. அதற்கு ‘வெறுக்கத்தக்கது’ என்று போட்டால், நமது பேச்சறியாத தமிழ் வாசகருக்கு அந்த உம்மா எதற்கெடுத்தாலும் வெறுப்பவளாகத் தெரிவாள். நம்மைப் பற்றி ஏற்கெனவே அப்படி நினைப்போருக்கு நாமே சாட்சி எழுதிக் கொடுக்கிறோம்.

‘விரும்பத்தகாதது’ ஓரளவு பொருந்தும். ஆனால் கந்தோர்க் கடித வாடை அடிக்கிறது. அடைப்புக்குறியையே எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. வெங்காயமும் பள்ளியும் ஒரே வசனத்தில் இருந்தால் வாசகர் விளங்கிக்கொள்வார்.