கலைத்திட்ட ஆக்கத்தில் ஆணையும் தேவையும்: மகாராட்டிர மூன்றாம் மொழிச் சிக்கல்

கலைத்திட்டம், பாடத்திட்டம் என்னும் இரு சொற்களும் நம்மிடையே பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்குகின்றன. யாருக்கு, எதற்காக, எப்போது, எவ்வாறு கற்பிப்பது என வகுப்பது கலைத்திட்டம். அதன் உள்ளடக்க வரையறையே பாடத்திட்டம். ரால்ஃப் டைலர் (1949) கல்வி நோக்கத்தை முதல் வினாவாக வைத்தார். ஹில்டா தாபா (1962) கற்போர் தேவையைக் கண்டறிதலை முதற்படியாக்கினார். இவ்வரிசை தலைகீழானால் நேர்வது யாது என்பதை மகாராட்டிரத்தின் அண்மை நிகழ்வு காட்டுகிறது.

2025 ஏப்ரல் 16ஆம் நாளைய அரசாணை, மராத்தி, ஆங்கில வழிப் பள்ளிகளில் முதல் ஐந்து வகுப்புகளுக்கும் இந்தியைக் கட்டாய மூன்றாம் மொழியாக்கியது. எதிர்ப்பு எழவே, ஜூன் 17இல் வந்த திருத்தம், ஒரு வகுப்பில் 20 மாணவரேனும் விரும்பினால் வேறோர் இந்திய மொழியைக் கற்கலாம் என்றது. ஜூன் 29இல் இரு ஆணைகளையும் திரும்பப் பெறுவதாகவும், நரேந்திர ஜாதவ் தலைமையில் குழு அமைப்பதாகவும் அரசு அறிவித்தது.

20 என்பது ஆசிரியர் நியமனத்திற்கு உதவும் எண். கற்றல் தேவையின் அளவுகோல் அன்று. புனே நகரில் ஆங்கில வழிப் பள்ளியில் சேரும் தமிழ்க் குழந்தையைக் கருதுக. வீட்டில் தமிழ், பயிற்றுமொழி ஆங்கிலம், 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மராத்தி கட்டாயம். இந்தி அக்குழந்தைக்கு மூன்றாம் மொழியன்று, நான்காவது. ஆணையின் கணக்கில் வீட்டுமொழி இடம்பெறவில்லை.

மராத்திக்கும் இந்திக்கும் எழுத்து ஒன்றாதலின் சுமை குறையும் எனலாம். அது பாதி உண்மையே. தேவநாகரியின் சகர, ஜகர எழுத்துகள் மராத்தியில் ஈரொலி பெறும். இந்தியில் அண்ண ஒலி மட்டுமே. மராத்தியில் பால் மூன்று, இந்தியில் இரண்டு. எழுத்தறிவு உறுதிப்படுமுன் இரண்டையும் எழுதக் கற்பித்தால், ஒற்றுமையே குறுக்கீட்டிற்கு வாயிலாகலாம். எனவே இளவயதில் கேட்டல், பேசுதல் அளவில் நிறுத்துவதா, எழுத்தையும் புகுத்துவதா என்பதே ஆராயத்தக்க வினா.

பன்மொழிக் கல்வி வேண்டாம் என்பதன்று நம் கருத்து. ஆணைக்குப் பின் வந்த குழு, ஆணைக்கு முன் வந்திருக்க வேண்டும். புனேயின் பாலபாரதி நிறுவனம் பாடநூல் ஆக்கத்தோடு கலைத்திட்ட ஆய்வையும் தன் முழுப்பெயரிலேயே கொண்டுள்ளது. வீட்டுமொழிக் கணக்கெடுப்பு, நோக்க வரையறை, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றின் பின்னரே பாடநூல் எனும் முறைமையை அப்பெயரே நினைவூட்டுகிறது.