காம்பராவுக்குள் ஒரு கமரா

பண்டாரவளை நகரில் கடை வைத்திருக்கும் குடும்பமொன்றின் பிள்ளை. நிழற்படக் கலை பயிலும் மாணவர். தாம் எடுத்த பன்னிரண்டு படங்களை என்னிடம் தந்து, "பாராட்ட வேண்டாம், பிழையைச் சொல்லுங்கள்" என்றார். அவருக்குச் சொன்னவை இத்துறையில் கால் வைக்கும் மற்ற இளையோருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பன்னிரண்டில் ஐந்து, கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்கள். பச்சை மலை, முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு. நேர்த்தியானவைதான். ஆனால் இவற்றை நாம் ஏற்கனவே பார்த்திருக்கிறோம். 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனத்தின் தபாலட்டைகள் முதல் இன்றைய தேயிலைப் பெட்டிகள், உல்லாசப் பயண விளம்பரங்கள் வரை இதே சட்டகம்தான். இடுப்பில் கட்டிய படங்கின் ஈரமோ, அட்டைக்கடியோ, நிறுவையில் கழிபடும் கிலோவோ அதற்குள் வருவதில்லை. இந்த ஐந்திலும் மாணவர் பிறர் கண்ணால்தான் பார்த்திருக்கிறார்.

அடுத்த நான்கையும் பரிசோதனைகள் என்கிறார். கைத்தொலைபேசிச் செயலியால் நிறங்களைப் புரட்டிப் போட்டவை. தமக்கு ஆதர்சம் லயனல் வென்ட் (1900–1944) என்றார். நல்ல ஆசான்தான். இங்கிலாந்தில் சட்டமும் பியானோவும் கற்றுத் திரும்பி, 1930களில் கமராவில் முழுமூச்சாக ஈடுபட்டவர் வென்ட். படத்தைக் கழுவும்போது இடைநடுவில் ஒரு கணம் வெளிச்சம் படவிட்டால், ஒளியும் நிழலும் ஓரளவு இடம் மாறி, உருவத்தின் ஓரத்தில் மெல்லிய கோடொன்று விழும். மான் ரே புகழ்பெறச் செய்த இந்த முறையை வென்ட் இங்கே கையாண்டார். எப்போது, எத்தனை விநாடி என்பதை இருட்டறையில் நின்று, பல தாள்களைப் பாழாக்கித்தான் கற்க வேண்டும். செயலியின் பொத்தானோ மலைக்கும் மனிதருக்கும் ஒரே சாயத்தைப் பூசிவிடுகிறது. முடிவு முன்கூட்டியே தெரிந்த ஒன்றைப் பரிசோதனை எனல் தகாது.

எஞ்சிய மூன்று படங்களே என்னை எழுத வைத்தன. தோட்டத்திலுள்ள நண்பனின் வீட்டில், லயன் காம்பராவின் கதவை அடைத்து, ஜன்னல் பலகையிலிருந்த ஆணித் துவாரம் ஒன்றை மட்டும் திறந்து விட்டிருக்கிறார். கண் இருளுக்குப் பழகியதும், எதிர்ச்சுவரில் வெளியிலுள்ள மலை தலைகீழாக விழுந்திருப்பது தெரிந்ததாம். ஒளி நேர்கோட்டில் செல்வதால் மலையுச்சியின் ஒளி சுவரின் கீழும், அடிவாரத்தின் ஒளி மேலும் சேர்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கிரகணச் சூரியன் சிறு துவாரத்தின் வழியே பிறையாக விழுவதை ஆராய்ந்த இப்னுல் ஹைதம் எழுதியதும் இதைப் பற்றித்தான். தொலைபேசியை அரிசி டின்னின் மேல் அசையாமல் வைத்து, பல விநாடிகள் ஒளியேற விட்டு, அந்த மலையைப் பிடித்திருக்கிறார்.

கமரா என்றால் அறை என்றே பொருள். காம்பராவும் போர்த்துக்கேயர் வழி நமக்கு வந்த அதே சொல். விடயம் சொல்லோடு நிற்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளாக, காற்றையும் வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்காமல் கட்டப்பட்டவை லயன்கள். நண்பகலிலும் இருண்டு கிடப்பதாலேயே அந்தக் காம்பரா கமராவாக முடிந்தது. அந்த வீட்டார் பறிக்கும் தேயிலைமலை, அவர்களுடைய சுவரிலேயே, உடுப்புக் கொடிக்கும் அடுப்புக் கரிக்கும் மேலாகத் தலைகீழாய்த் தொங்குகிறது. ஐந்து சிரிப்புப் படங்கள் மறைத்ததை இது சொல்லிவிடுகிறது.

ஆனாலும் ஒரு குறை. மூன்றாவது படத்தில் சுவரோரம் நண்பனின் தாயார் அமர்ந்திருக்கிறார். படத்துக்கு மாணவர் இட்ட தலைப்பு: 'தோட்டப் பெண்'.

இந்தக் குறைக்கு நம் நாட்டில் ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. ஜூலியா மார்கரெட் கெமரன் 1863இல், தமது 48ஆவது வயதில், பரிசாகக் கிடைத்த கமராவைக் கொண்டு படமெடுக்கக் கற்றவர். படங்கள் தெளிவில்லை என்று பலர் பழித்தபோதும் தம் வழியில் நின்றவர். 1875இல் கணவருடன் இலங்கையில் குடியேறி, 1879இல் இங்கேயே மறைந்தார். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த கவிஞர் டென்னிசன் மட்டுமல்ல, பணிப்பெண் மேரி ஹில்லியரும் இன்றுவரை பெயரோடு அறியப்படுகிறார். இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியவை சில. அவற்றிலுள்ள உழைப்பாளிகளில் பெரும்பாலோருக்குப் பெயரில்லை. களுத்துறைக் குடியானவர் படமொன்றில், தமக்கு வயது நூறு என்று முதியவர் கூறியது வரை குறிக்கப்பட்டிருக்கிறது; அவர் பெயர் மட்டும் இல்லை.

கெமரனுக்கு மொழி தெரியாது என்று சாட்டுச் சொல்லலாம். நம் மாணவருக்கு அதுவும் இல்லை. அந்த அம்மாவின் கையால் ரொட்டியும் சம்பலும் வாங்கி உண்டவர் அவர். அம்மாவிடம் கேட்க வேண்டும். சம்மதித்தால் பெயரை எழுத வேண்டும். இல்லையென்றால் படத்தை வெளியே காட்டக் கூடாது. எப்படியாயினும் முதற்பிரதி அந்த வீட்டுக்கே போய்ச் சேர வேண்டும்.

ஒன்பதை ஒதுக்கிவிட்டு இந்த மூன்றிலிருந்து அவர் தொடங்கட்டும். அதே சுவரைக் காலையிலும் மாலையிலும், பனி மூடிய நாளிலும் எடுத்துப் பார்க்கட்டும். மலை மாறிக்கொண்டே இருக்கும். தலைப்பை மாற்றிக்கொண்டு வந்தால் மறுபடியும் பார்க்கக் காத்திருக்கிறேன்.